தொண்டைக்குள் ஒரு செக்போஸ்ட்

பிப்ரவரி 1, ஞாயிறு

பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்தேன். அதில் பாதி எல்லையில். ஒரு குண்டும் என்னைத் தொட்டதில்லை. இன்று ஐயம்பெருமாள் மகள் காதுகுத்தில் ஒரு துண்டு பரோட்டா என்னைக் கவிழ்த்துவிட்டது.

ஐயம்பெருமாள் என் செக்யூரிட்டி ஏஜென்சியில் காவலாளி. முதலாளி சாப்பிடாமல் போனால் வருத்தப்படுவான் என்று உட்கார்ந்தேன். இரண்டாவது வாயிலேயே பரோட்டா நெஞ்சுக்கு நடுவில் நின்றுகொண்டது. மூச்சு வந்தது, எச்சில்தான் இறங்கவில்லை. தண்ணீர் குடித்தேன், போன வழியே திரும்பி வந்தது. என் ஆட்களே இரண்டு பேர் யூனிஃபார்மில் ஓடிவந்து முதுகில் குத்தினார்கள். சம்பளம் கொடுக்கிற முதலாளியைக் குத்த இப்படி ஒரு வாய்ப்பு இனி வராது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒருவன் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கலாம் என்று யோசனையும் சொன்னான். அவன் பெயரைக் குறித்து வைத்திருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் எஸ்தர் ஜெபமணி சின்ன வயசுக்காரி. குழாய் விட்டு பரோட்டாவை எடுத்துவிட்டு, அப்படியே உள்ளே நாலைந்து இடத்தில் சதையைக் கிள்ளி டெஸ்ட்டுக்கு அனுப்பினாள்.

"எவ்வளவு நாளா சார் இப்படி சிக்குது?"

"இன்னைக்குத்தான்" என்றேன்.

மூலையில் நின்ற என் மனைவி ஆவுடை வாயைத் திறந்தாள். "பத்து வருசமா டாக்டர். ஒரு வாய்க்கு ஒரு மடக்கு தண்ணி. ரெண்டு இட்லி திங்கதுக்குள்ள எனக்கு ஒரு சீரியல் முடிஞ்சிரும். விசேஷ வீட்டுக்குப் போனா சாப்பிடாமலே வந்திருவாவ."

"அது நிதானமாகச் சாப்பிடும் பழக்கம். பட்டாளத்துப் பழக்கம்" என்று விளக்கினேன்.

"பட்டாளத்துல அஞ்சு நிமிசத்துல தட்டக் கழுவிட்டு ஓடணும்னு நீங்கதான சொன்னீக?"

டாக்டர் எதையோ எழுதிக்கொண்டாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

கஞ்சி. தொண்டை வலி பரவாயில்லை. மேலப்பாளையம் அபார்ட்மென்டுக்கு இரண்டு டார்ச் லைட் வாங்கிக் கொடுத்தேன்.

செண்பகம் போன் செய்தாள். எங்களுக்கு ஒரே மகள். ஈரோட்டுப் பக்கம் ஒரு பால் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. அங்கே சிபி என்று ஒரு மாட்டு டாக்டரைப் பார்த்து, பழகி, இவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று பொங்கலுக்கு வந்தபோது சொல்லிவிட்டாள். பையனின் அப்பா மயில்சாமி கோபி பக்கத்தில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறார். இருபத்திரண்டாம் தேதி நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதாக ஏற்பாடு.

எனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. பையனின் சர்டிபிகேட், வண்டியின் ஆர்.சி., வீட்டுப் பட்டா எல்லாவற்றையும் விசாரித்துவிட்டேன். எல்லாம் சுத்தமாக இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து கோபி எத்தனை கிலோமீட்டர் என்று மேப்பில் பார்த்தேன். சும்மாதான் பார்த்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. என் உணவுக்குழாயில் இயோசினோபில் இருக்கிறதாம்.

"அது ஒரு வகை வெள்ளையணு சார்" என்றாள் டாக்டர் எஸ்தர். "உடம்புக்குள்ள புழு வந்தா அதை அடிக்கிறதுல பெரிய ஆளு. குடல்ல கொஞ்சம் இருக்கும், சரி. ஆனா உணவுக்குழாய்ல அதுக்கு வேலையே கிடையாது. நல்ல மனுஷனுக்கு அங்க ஒண்ணுகூட இருக்காது. மைக்ராஸ்கோப் வட்டத்துக்குள்ள பதினஞ்சு தெரிஞ்சாலே நோய்னு சொல்லுவோம். உங்களுக்கு அறுபது நிக்குது."

"யார் டூட்டி போட்டது?" என்று கேட்டேன்.

டாக்டருக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட ஆரம்பித்துவிட்டாள். நான் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

உணவுக்குழாயின் உள்சுவர் சிலருக்குக் கொஞ்சம் இளகிப்போய்விடுகிறது, பூச்சு உதிர்ந்த காம்பவுண்டு சுவர் போல. சாப்பாட்டில் உள்ள ஏதோ ஒரு புரதம் அந்த இடுக்கில் கசிந்து உள்ளே போகிறது. சுவரில் உள்ள அணுக்கள் உடனே சைரன் அடிக்கின்றன. அங்கே டி செல் என்று ஒரு அதிகாரி இருக்கிறார். அவர் வந்தவன் யார் என்று விசாரிக்க மாட்டார். புழுதான் வந்துவிட்டது என்று முடிவு கட்டி இரண்டு உத்தரவு போடுகிறார். ஒன்றின் பெயர் இன்டர்லூகின் ஐந்து. அது எலும்பு மஜ்ஜைக்குப் போய், ஆள் எடு, நிறைய எடு என்கிறது. இன்னொன்று இன்டர்லூகின் பதின்மூன்று. அது சுவரிடம் போய், வருகிறவர்களுக்கு வழி காட்டு என்கிறது. சுவரும் இயோடாக்சின் என்று ஒரு சரக்கை விட்டு, இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று ரத்தத்தில் போகிற இயோசினோபில்களைக் கைதட்டிக் கூப்பிடுகிறது. அவை வந்து இடுப்பில் சொருகியிருக்கிற விஷத்தையெல்லாம் கொட்டுகின்றன.

"புழு எங்கே?" என்றேன்.

"புழு இல்ல சார். அதான் விஷயமே."

"அப்போ யாரை அடிக்கிறார்கள்?"

"சாப்பாட்டை. ஆனா அடி விழுறது உங்க சுவத்துல. அடிபட்டு அடிபட்டு தடிச்சு, தழும்பாகி, தோட்டத்து ஹோஸ் பைப் மாதிரி வளையம் வளையமா சுருங்கிருது. அதுலதான் பரோட்டா நின்னுச்சு."

எனக்கு அவமானமாக இருந்தது. ஊரில் பாதி கேட்டுக்கு நான்தான் காவலாளி அனுப்புகிறேன். என் தொண்டைக்குள் எனக்குத் தெரியாமல் ஒரு செக்போஸ்ட். ஐடி கார்டு கேட்காமல் சுடுகிற ஆட்கள், அதுவும் அறுபது பேர்.

எந்தச் சாப்பாடு என்று ரத்தத்தில் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாதாம். சாப்பிட்டதும் தடித்து வீங்குகிற அலர்ஜி வகை இல்லை, இது மெல்லப் புகைகிற வகை. ஒரு பொருளை ஆறு வாரம் அடியோடு நிறுத்திவிட்டு, மறுபடி குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டீராய்டு மருந்தை விழுங்கலாம். மருந்து அப்புறம், முதலில் ஆளைப் பிடிப்போம் என்றேன்.

"அப்ப பால்ல ஆரம்பிப்போம். நிறைய பேருக்கு அதுதான். பால், தயிர், மோர், நெய், வெண்ணெய் எதுவும் ஆகாது. நடுவுல ஒரு வாய் குடிச்சாலும் திரும்ப முதல்ல இருந்து வரணும். கவனிக்காம விட்டுட்டீங்கன்னா குழாய் இன்னும் சுருங்கும்."

பால். மாப்பிள்ளை வீட்டில் மாட்டுப் பண்ணை. இதை டாக்டரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

காலையில் கடுங்காப்பி. இதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

இந்த நாட்டில் பால் இல்லாத பொருள் உப்பும் மண்ணெண்ணெயும்தான். பிஸ்கட்டில் பால், ரொட்டியில் பால். ஆவுடை ஒவ்வொரு பாக்கெட்டாக ஜன்னலோரம் கொண்டுபோய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கிறாள். அல்வாக் கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நெய் வாசனை பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தது. திருநெல்வேலியில் பிறந்தவனுக்கு இப்படி ஒரு நிலைமை வரலாமா?

மேலப்பாளையம் கேட்டில் ஐயம்பெருமாள் பட்டப்பகலில் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். போன மாதமாக இருந்தால் தொப்பியைத் தட்டி எழுப்பியிருப்பேன். இன்று எழுப்பவில்லை. தூங்குகிற காவலாளியால் எந்தச் சுவருக்கும் சேதம் கிடையாது.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஆவுடையின் உத்தரவு: கோபியில் நோயைப் பற்றி மூச்சு விடக் கூடாது.

"பேரச் சொன்னாலே பயந்திருவாவ. அப்பனுக்கு இருந்தா மகளுக்கும் வருமான்னு கேப்பாவ. டாக்டரே குடும்பத்துல வரலாம்னுதான சொன்னாவ? செண்பகத்துக்கு சின்னதுல மூச்சிளைப்பு வேற இருந்துச்சு."

"வரலாம், வரணும்னு கட்டாயமில்லை என்றார்கள்."

"அதெல்லாம் கேக்கதுக்கு யாருக்கு நேரம்? ஆனா ஒண்ணு, அங்க கை நனைக்காம எந்திரிச்சிராதீக."

கை நனைப்பது என்றால் என்ன என்று எனக்கே பாடம் எடுக்கிறாள். சம்பந்தம் பேசப் போன வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டால் சம்மதம். சாப்பிடாமல் வந்தால் இஷ்டமில்லை. வாயால் சொல்லவே வேண்டாம். இது எனக்குத் தெரியாதா?

நான் ஒரு திட்டம் போட்டேன். விரதம் என்று சொல்லிவிடுவது. விரதம் என்றால் யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள், மரியாதையும் கெடாது.

"எதுக்கு விரதம்? பால்தான ஆகாது. சோறு ஆகுமுல்லா? நெய் வேண்டாம், மோர் வேண்டாம்னு கையக் காட்டிட்டு சோத்தத் தின்னுட்டு வாங்க."

போட்ட இலையில் அது வேண்டாம் இது வேண்டாம் என்று கையைக் காட்டுவது மரியாதையில்லை என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

திட்டத்தில் ஒரு சிறு ஓட்டை இருந்தது.

வீடு காற்றோட்டமாக இருக்கிறது. மாடுகள் எங்கள் அபார்ட்மென்டுகளில் குடியிருப்பவர்களைவிடச் சுத்தமாக இருக்கின்றன. பையன் உயரம், பார்வை நேர். குறை என்று ஒன்றும் அகப்படவில்லை. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

"வாங்க வாங்க, பிரயாணமெல்லாம் சௌரியமுங்களா?" என்று மயில்சாமி வாசல் வரை வந்து கூட்டிப்போனார். உட்கார்ந்ததும் அவர் மனைவி மரகதம் பித்தளை டம்ளரில் நுரை தளும்பப் பால் கொண்டுவந்தார். அப்போதுதான் கறந்ததாம்.

நான் தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன். "மன்னிக்கணும். இன்னைக்கு நான் விரதம்."

அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்டிங்களா! முன்னாடியே சொல்லியிருக்கப்படாதுங்களா? அப்ப நல்லதாப் போச்சு, பாலும் பழமும் எடுத்துக்குங்க. விரதத்துக்கு ஒண்ணும் தோசமில்லீங்க."

டம்ளரை நீக்கிவிட்டுச் சொம்பே கொண்டுவந்துவிட்டார். நான் அந்தச் சொம்பைப் பார்த்தேன். விரதம் இருக்கிறவனுக்கு இந்தத் தமிழ்நாட்டில் என்ன கொடுப்பார்கள் என்று ஒரு வாரமாக எனக்கு ஏன் தோன்றவில்லை?

"இந்த விரதத்துக்குப் பாலும் கூடாது" என்றேன்.

மரகதம் அம்மாள் சொம்பைக் கீழே வைத்தார். மயில்சாமி கேட்டார், "அது என்ன விரதமுங்க?"

யோசிக்க நேரமில்லை. வாயில் வந்த சாமியைச் சொன்னேன். "சுடலைமாடனுக்கு."

ஆவுடை கண்ணை மூடிக்கொண்டாள்.

"சுடலைமாடனுக்குக் கெடா வெட்டுவாங்கன்னுல்லீங்க கேள்விப்பட்டிருக்கறேன்?" என்றார் மயில்சாமி. ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். அதற்கு முன்னால் இருக்கிற விரதம் என்று சொல்லிவைத்தேன்.

இலை போட்டார்கள். ஆவுடை உட்கார்ந்தாள். எனக்குப் போட்ட இலை சும்மா கிடந்தது. சிபி பக்கத்தில் வந்து குனிந்து, "ஒரு வாய் சோறாச்சும் எடுத்துக்குங்க அய்யா" என்றான். வெள்ளைச் சோறும் கொள்ளுப் பருப்பும். அதில் பாலும் இல்லை, நெய்யும் இல்லை என்று வாசனையிலேயே தெரிந்தது. ஆனால் விரதம் என்று சொல்லியாகிவிட்டது. சொன்ன சொல்லை மாற்றுவது என் வழக்கமில்லை. தவிரவும், அத்தனை பேர் பார்க்க ஒரு கவளத்துக்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டு

வாக்கியத்தை முடிக்கவில்லை. ரயில் ஆடுகிறது.

பிப்ரவரி 23, திங்கள்

ஆவுடை ஈரோட்டிலிருந்து மதுரை வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மதுரையில், "தண்ணி பாட்டில் எங்க?" என்றாள். அதுதான் மொத்தப் பேச்சு.

பிப்ரவரி 25, புதன்

மயில்சாமி போன் செய்தார்.

"தப்பா ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு மனசில்லைன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சுங்க. பெத்தவங்க மனசு நோகப் பொண்ணெடுக்கறது எங்க வழக்கமில்லீங்க. அம்மணி தங்கமான புள்ளை. நல்லா இருக்கட்டுமுங்க."

நான் சரி என்றேன். அவர் எவ்வளவு நல்ல முறையில் சொன்னார் என்பதைக் குறித்து வைக்கிறேன். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

சாயங்காலம் செண்பகம். "ஏம்ப்பா?" என்று மட்டும் கேட்டாள். நான் ஆரம்பிப்பதற்குள் வைத்துவிட்டாள்.

மார்ச் 1, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் போன் வருகிற நேரம். டவர் இருக்கிறதா என்று மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். முழுசாக இருந்தது.

தேங்காய்ப் பாலில் டீ போட்டுப் பார்த்தேன். தலைக்குத் தடவலாம்.

மார்ச் 13, வெள்ளி

சத்தியமங்கலத்தில் ஒரு பெண்ணைச் சிபிக்குப் பார்க்கப் போகிறார்களாம், பங்குனி முடிவதற்குள். செண்பகம் ஆவுடையிடம் சொல்லி அழுதிருக்கிறாள். ஆவுடை அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இதைச் சொன்னாள். சொல்லிவிட்டு இட்லியைக் கொண்டுவந்து வைத்தாள்.

இட்லி தண்ணீர் இல்லாமல் இறங்கியது. நிஜமாகத்தான். பத்து வருஷத்துக்கப்புறம் முதல் தடவை. நிமிர்ந்து பார்த்தேன், சொல்வதற்கு ஆள் இல்லை. ஆவுடை உள்ளே போய்விட்டிருந்தாள்.

மார்ச் 23, திங்கள்

மறுபடி குழாய். அவசரம் என்று கெஞ்சியதால் ரிசல்ட்டைச் சாயங்காலமே பார்த்துச் சொல்லிவிட்டாள் டாக்டர். அறுபது பேர் நின்ற இடத்தில் இப்போது இரண்டே பேர்.

"பால்தான் சார் காரணம். நிறுத்தினதும் சைரன் நின்னுபோச்சு. கூப்பிட ஆள் இல்லைன்னா இயோசினோபில் எதுக்கு வரப்போகுது?" அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம், ஏதோ அவள் தொண்டை போல. "ஆனா பழைய தழும்பு உடனே போகாது. கொஞ்ச நாள் மெதுவா, நல்லா மென்னு சாப்பிடணும்."

வீட்டுக்கு வந்து ஆவுடையிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "மடப்பயலுக! யார் என்னன்னு ஒரு வார்த்தை கேட்டானுகளா? கையில பால் சொம்போட வந்தவங்களை எதிரின்னு நினைச்சு, பத்து வருஷமா சொந்தச் சுவத்தையே இடிச்சிருக்கானுக!"

"யாரச் சொல்லுதீக?" என்றாள் ஆவுடை.

"இயோசினோபிலைத்தான்."

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்று அரிசி களையப் போய்விட்டாள்.

மார்ச் 24, செவ்வாய்

டியூட்டி சார்ட் போட உட்கார்ந்தேன். ஓடவில்லை.

இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை. எனவே எழுதிவிடுகிறேன். கோபி எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பையனையும் பிடித்திருந்தது. அங்கே போய்விட்டால் செண்பகம் வரவே மாட்டாள் என்று பயம். கை நனைக்காமல் வந்தபோது தொண்டைக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தொண்டைக்கு ஆபத்து பாலில்தான் இருந்தது, கொள்ளுப் பருப்பில் இல்லை.

இப்போதும்தான் அவள் போன் வருவதில்லை. பக்கத்தில் வைத்துக்கொள்ள நினைத்தவன் சாதித்தது இவ்வளவுதான்.

மயில்சாமிக்குப் போன் செய்தேன். ஒரு விஷயம் நேரில் சொல்ல வேண்டும் என்றேன். என்ன ஏது என்று கேட்காமல், "வாங்க" என்றார்.

மார்ச் 26, வியாழன்

ஆவுடை: "நோயச் சொன்னா மட்டும் சம்மதம் குடுத்திருவாவளா? வேண்டாம்னு சொல்ல இன்னொரு காரணம் கெடைக்கும்."

நான்: "உள்ளதைச் சொன்ன பிறகு அவர்கள் வேண்டாம் என்றால் சரி."

ஆவுடை என் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறாள்.

மார்ச் 29, ஞாயிறு

பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து அப்படித்தான் இருக்கும்.

போனபோது மத்தியானம் தாண்டிவிட்டது. இந்தத் தடவை வாசல் வரை யாரும் வரவில்லை. உட்காரச் சொன்னார்கள். பால் வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. எனக்கு அதுதான் வசதி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எழுந்து நின்று, அதிகாரிக்கு ரிப்போர்ட் கொடுப்பது போல ஆரம்பித்தேன். விரதம் பொய் என்றேன். சுடலைமாடனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன் என்றும் சொன்னேன். பிறகு பரோட்டா, சுவரில் இடுக்கு, சைரன் எல்லாம் சொன்னேன். டி செல் அதிகாரி போடும் இரண்டு உத்தரவு, அறுபது இயோசினோபில், பால், ஆறு வாரம். ஒன்றையும் விடவில்லை. மகளுக்கும் வர வாய்ப்பு கொஞ்சம் உண்டு, வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னதையும் அப்படியே சொன்னேன். ஆவுடை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடித்ததும் மரகதம் அம்மாள்தான் முதலில் மெதுவாகக் கேட்டார். "அப்ப எங்க பாலுதான் உங்களுக்கு ஆகாதுங்களா? எங்களை இல்லீங்களா?"

"உங்களை இல்லைம்மா" என்றேன்.

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமல்லோ! நான் ஒரு மாசமா, எங்கூட்டுச் சொம்புல என்ன அழுக்கிருந்துதோன்னு நெனச்சு நெனச்சுத் தூக்கமில்லாமக் கெடக்கறேன்!"

மயில்சாமி மகனைப் பார்த்தார். "இயோசினோபில்னா நம்ம செவலை மாட்டுக்கு டெஸ்ட் எடுத்தப்ப ஏறியிருந்துதே, அதுங்களா? அதுக்குப் பூச்சி மருந்து ஊத்துனமே, சரியாப் போச்சே."

"அப்பா, செவலைக்கு நெசமாவே புழு இருந்துச்சு" என்றான் சிபி. "இவருக்குப் புழுவே இல்ல. அடிக்கறதுக்கு ஆளில்லாம சாப்பாட்ட அடிக்குது."

டாக்டர் படம் போட்டுக் காட்டியும் நான் முட்டி மோதிப் புரிந்துகொண்டதைப் பையன் ஒரே மூச்சில் பிடித்துவிட்டான். விவரமானவன்தான். பூச்சி மருந்து வேண்டாம் என்று மயில்சாமியிடம் நானும் உறுதியாகச் சொல்லிவிட்டேன். அவர் பாட்டிலை எடுக்க எழுந்தே விட்டார்.

அதற்கப்புறம் நோய் பேச்சு நிற்கவில்லை. மயில்சாமி தன் வேட்டியைத் தூக்கி நரம்பு சுருண்ட காலைக் காட்டினார். அவர் தம்பி கிட்னியில் எடுத்த கல்லைப் பற்றிச் சொன்னார். மரகதம் அம்மாள் தன் அண்ணனுக்கு இரண்டு கண்ணும் தெரியாது என்றார். மறைத்துச் செய்தார்கள் என்று நாளைக்கு நாங்கள் சொல்லிவிடக் கூடாதாம். ஆவுடையும் விடாமல், "எனக்கு சுகர் இருக்கு" என்றாள் பெருமையாக.

"சத்தியமங்கலம்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பையன் போகவே மாட்டேன்னுட்டானுங்க" என்றார் மயில்சாமி. "சரி, எந்திரிங்க. இலை போடச் சொல்லீட்டேன்."

"ஒரு விஷயம். நான் சாப்பிட ரொம்ப நேரமாகும்."

"ஆகட்டுமுங்க."

அவருக்கு எவ்வளவு நேரம் என்று தெரியாது.

வரிசையாக உட்கார்ந்தோம். மரகதம் அம்மாள் நெய்ச் சட்டியைத் தொட்ட கரண்டியைக்கூட என் இலைப் பக்கம் வரவிடவில்லை. சோறு, கொள்ளுப் பருப்பு, ரசம். கை நனைத்தேன். பழைய தழும்புக்குப் பயந்து சின்னக் கவளமாக எடுத்து, மென்று, பொறுத்து, இறங்கிவிட்டதா என்று பார்த்து, ஒரு மடக்குத் தண்ணீர், மறுபடி அடுத்தது. பருப்பிலிருந்து நான் ரசத்துக்குப் போவதற்குள் அவர்கள் எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருவரும் இலையை மடிக்கவில்லை. வரிசையில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் எழுந்தால் அவரை எழுப்பிவிட்டது போல ஆகும், அதனால். மயில்சாமியின் தம்பி கையில் சோறு காய்ந்து வெள்ளையாகிவிட்டது. சிபி செவலையின் கதையை ஆரம்பித்தான், முடித்தான், வேறொரு மாட்டின் கதையை ஆரம்பித்தான். வெளியே பால் வண்டி வந்து ஹாரன் அடித்தது. இன்னொரு தடவை அடித்தது. சாயங்காலப் பால் போக வேண்டிய வண்டி.

"நீங்க போங்க, வண்டி நிக்குது" என்றேன்.

"நிக்கட்டுமுங்க. நீங்க மெதுவா மெல்லுங்க" என்றார் மயில்சாமி, காய்ந்த கையை மடியில் வைத்துக்கொண்டு.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரசத்தில் மிளகு தூக்கல் என்று சொன்னேன். மரகதம் அம்மாள் பதறிப்போய் அடுத்த தடவை குறைத்துப் போடுவதாகச் சொன்னார். மிளகெல்லாம் சரியாகத்தான் இருந்தது. பத்து வருஷமாக எந்த விசேஷ வீட்டிலும் உட்காராமல் ஓடிவந்தது இதற்குப் பயந்துதான், எல்லோரும் பார்ப்பார்களே, காத்திருப்பார்களே என்று. இன்று காத்திருந்தார்கள். அழுதேன், சாப்பிட்டேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

நான் இலையை மடித்தேன். எல்லோரும் மடித்தார்கள். பால் வண்டிக்காரன் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை.

கை கழுவுகிற இடத்தில் மயில்சாமி எனக்குச் சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே குனிந்து காதோடு சொன்னார், "ஏனுங்க சம்பந்தி, கல்யாணத்தன்னைக்கு உங்களுக்கு மட்டும் முந்துன நாளே இலை போட்டரலாமுங்களா? அப்பத்தான் முகூர்த்தத்துக்குக் கை கழுவீட்டு வருவீங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பட்டாளத்தில் அஞ்சு நிமிஷத்தில் சாப்பிட்டவன் நான் என்று அவரிடம் நீளமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே பால் வண்டியைப் பார்க்க ஓடினார்.

இப்போது பஸ்ஸில் ஆவுடையிடம் இதையே குறையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். எவ்வளவு கிண்டல் பாரு அந்த ஆளுக்கு என்றேன்.

"அது கெடக்கட்டும்" என்றாள் ஆவுடை. "அவுக உங்கள என்ன சொல்லிக் கூப்பிட்டாவ, மொதல்ல அதச் சொல்லுங்க."

சொன்னேன். அவள் போனை எடுத்துச் செண்பகத்தின் நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தாள்.